பதினோராம் பிரிவு

ஒப்பந்தத்தின் பதினோராம் பிரிவு சொல்கிறது:
பலகைத் தரையில்
கடையில் விற்கும் திரவம் எதுவும் படக்கூடாது.
மிஸிஸ் ஷொக்மன் அதன் கீழே
நீல மையால் இரண்டு கோடு இழுத்திருந்தார்.
ஒன்று என்னை நம்பாததற்கு,
மற்றது எனக்கு முன்பிருந்தவனுக்கு.

நாளை மறுநாள் பத்து மணிக்குத்
திறப்பைக் கொடுக்க வேண்டும்.
மூன்று மாத முற்பணம்
இந்தத் தரையின் முகத்தைப் பொறுத்தது.

ஒரு வாளி இளஞ்சூட்டுத் தண்ணீர்.
அரைக் கோப்பை தென்னை வினாகிரி.
அதற்கு மேல் போனால் பூச்சு மங்கும்,
திரைந்த பால் மாதிரி ஆகும் என்றவள்
அலுவலகத்து நிரஞ்சலா.
அவள் வீட்டில் சீமெந்துத் தரை.
கறுவா எண்ணெய் நான்கு சொட்டு.
ஐந்தாவது கை தவறி விழுந்தது.

பம்பலப்பிட்டியில் மேல்மாடி,
முதிரைப் பலகை நாற்பத்தொன்று.
கணக்கு எழுதுகிறவளுக்கு
எண்ணாமல் இருக்க வராது.
கடல் இரண்டு ஒழுங்கை தள்ளி.
அதன் உப்பு ஆணித் தலைகளில்
துருவாய்க் குந்தியிருக்கிறது.
களுத்துறை ரயில் கடக்கையில்
வாளித் தண்ணீர் வட்டம் போடும்.

முழங்காலுக்குத் தலையணை,
கையில் பழைய சீத்தைத் துணி.
பிழிந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

கீழிருந்து தும்புத்தடியின் மூன்று இடி.
"என்ன மகள், மேல அச்சாறா போடுறீங்க?"
இஃப்லால் டெய்லர்.
பலகை இடுக்கால் இறங்கிய வினாகிரி
சனிக்கிழமை மணப்பெண்ணின் சட்டைத் துணியில்
ஒரு சொட்டு.

ஓடிப்போய்ப் பார்த்தேன்.
ரோசாப் பட்டு.
சொட்டு விழுந்தது
வெட்டி எறியப்போகிற ஓரத்தில்.
வாய் நிறைய குண்டூசி இருந்ததால்
கோபம் பாதிதான் வெளியே வந்தது.
"துணி ஈரமா ஈக்கணும். நனைஞ்சி ஈக்கப்படாது.
அயன் பண்ணவும் அதுதான் சட்டம்."

திரும்பி வந்து
மணிக்கட்டு நோகப் பிழிந்தேன்.
பலகை பலகையாய், இழை போன திசையில்.
குறுக்கே தேய்த்தால் மரம் முறைக்கும்.

கட்டில் நின்ற இடம்
வெயில் காணாத நீள்சதுரம்.
எந்தத் தேசிக்காயும் அதை ஒன்றும் செய்யாது.
அதன் இடப்பக்கம் மேசைக்கால் இழுத்த கீறல்:
சுதேசன் தன் பாதியை
எடுத்துக்கொண்டு போன இரவு.
வாசல்வரை போகிறது.
நடுவில், விரல் நீளத்துக்கு, நின்றிருக்கிறது.
நின்றதை
இன்றுதான் கண்டேன்.

கீறலுக்கு நாட்டு வாதுமைப் பருப்பு.
டுப்ளிகேஷன் வீதி ஓரம் பொறுக்கிக்
கல்லால் உடைத்து,
எண்ணெய் கசியக் கசியத் தேய்த்தேன்.
அதற்கு மேல் தேயிலைச் சாயம்,
மூன்று கரண்டி தூள் போட்டுக்
கறுக்கக் கறுக்கக் காய்ச்சியது,
காது குடையும் பஞ்சில் தொட்டுத் தொட்டு.
கீறல் குடித்தது.
இன்னும் கேட்டது.
கோப்பையைச் சரித்தேன்.

மூன்று இடி.

இந்த முறை துணியில் இல்லை.
போன நோன்புப் பெருநாளைக்கு வெள்ளை அடித்த
அவருடைய சீலிங்கில்
உள்ளங்கை அகலத் தேயிலைக் கறை.
இருவரும் கழுத்தை வளைத்துப் பார்த்தோம்.
"அம்பாந்தோட்ட மாதிரி ஈக்கிது" என்றார்.
எனக்கு அது எதைப் போலவும் இல்லை.
துடைக்கட்டுமா என்றேன்.
ஏணி இல்லை என்றார்.
பிறகு ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே,
"ஒப்பந்தத்தில சீலிங் ஈக்கா?"

இல்லை.
பதினாலு பிரிவிலும் இல்லை.

கடைசியாகத் தேங்காய் எண்ணெய் ஒரு கரண்டி,
அரைத் தேசிக்காய்.
பொச்சு மட்டையில் ஒரு கால் வைத்து
மறு காலால் உந்தி உந்தி
நாற்பத்தொன்றையும் கடந்தேன்.
காலி அறையில் அந்தச் சத்தம்
யாரோ பெரிய ஆளொருவர்
மூச்சு வாங்குவது போலிருந்தது.
மின்குமிழ் தரையிலும் எரிந்தது.

அலமாரி இல்லை, பாய் இல்லை,
கீறலைத் தேடினால்
எனக்கே இரண்டு தரம் பார்க்க வேண்டியிருக்கிறது.
மிஸிஸ் ஷொக்மனுக்குக் கண்புரை.

எண்ணெய் இறங்கும்வரை
படியில் இருக்கிறேன்,
செருப்பைக் கையில் பிடித்தபடி.
கீழே தையல் மெஷின் ஓடுகிறது,
சனிக்கிழமைக்கான கைகளைப் பொருத்திக்கொண்டு,
என் கறைக்கு நேர் கீழே.